சாங்கி விமான நிலையத்தைத் தடுமாற்றமின்றிக் கடப்பது எப்படி? சீட்டு எடுப்பது முதல் திரும்பி வரும் விமானத்தில் ஏறுவது வரை

தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு செல்கிறவர்களில் பலருக்கு வாழ்வில் முதன்முதலாகப் பார்க்கும் பெரிய பன்னாட்டு விமான நிலையம் சிங்கப்பூரின் சாங்கிதான். சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களிலிருந்து நேராகவே விமானம் இருக்கிறது. வேலைக்குச் செல்லும் இளைஞர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் புறப்படும் பெற்றோர், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் விமானம் மாறுகிறவர்கள் என்று எல்லோரும் இந்த நிலையத்தின் வழியாகத்தான் போகிறார்கள். 1981இல் ஒரே முனையத்துடன் தொடங்கிய சாங்கியில் இன்று நான்கு முனையங்களும் ஜுவல் என்ற பெரும் வளாகமும் இருக்கின்றன.

இவ்வளவு பெரிய இடத்தில் வேகமாக நடப்பவர்களைவிட வரிசை தெரிந்தவர்களே நிம்மதியாகப் போய்ச் சேருகிறார்கள் என்பதைப் பல பயணங்களில் கண்டிருக்கிறேன். விமான நிலையத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கோடு இருக்கிறது. பெட்டியை ஒப்படைத்தபின் அதற்குள் இருப்பதை எடுக்க முடியாது. குடிநுழைவுச் சோதனையை (இமிகிரேஷன்) கடந்தபின் வெளியே நிற்கும் உறவினரிடம் திரும்பிப் போக முடியாது. ஆகவே, ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் எதை முடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

சீட்டு எடுக்கும்போதே செய்ய வேண்டியவை

சிங்கப்பூரே முடிவிடம் என்றால் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா கட்டாயம். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். முதல்முறையாக வேலைக்குச் செல்கிறவர்கள், மனிதவள அமைச்சு தந்த கொள்கையளவிலான ஒப்புதல் கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். கைப்பேசியில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ஏனெனில் மின்கலம் தீர்ந்துபோனால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

சாங்கியில் விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் சீட்டு எடுக்கும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், உங்கள் பெட்டி பொதுவாக இறுதி ஊர் வரை தானாகவே போய்ச் சேரும். நீங்களும் குடிநுழைவைக் கடக்காமல் உள்ளேயே இருந்து அடுத்த விமானத்தில் ஏறலாம். விலை குறைவு என்று திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு சீட்டும் அங்கிருந்து சிட்னிக்கு வேறொரு சீட்டும் தனித்தனியாக எடுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. மலிவுக்கட்டண நிறுவனங்கள் பெரும்பாலும் ஒன்றின் பெட்டியை மற்றொன்றுக்கு மாற்றித் தருவதில்லை. பெட்டியை நீங்களே எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்குக் குடிநுழைவைக் கடந்து சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும். அதற்கு விசா வேண்டும். இதை அறியாதவர்களைப் புறப்படும் ஊரிலேயே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவது உண்டு. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் முழுப் பயணத்தையும் இழக்கும் இந்த நிலை யாருக்கும் வரக்கூடாது.

இதில் ஒரு சலுகை உண்டு. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவையோ நீண்டகால அனுமதியையோ வைத்திருக்கும் இந்தியர்கள், வேறொரு நாட்டுக்குச் செல்லும் வழியில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமலே சிங்கப்பூருக்குள் தங்க விண்ணப்பிக்கலாம். உறுதி செய்யப்பட்ட அடுத்த விமானச் சீட்டு கையில் இருக்க வேண்டும். அனுமதிப்பதா இல்லையா என்பது அங்குள்ள அதிகாரியின் முடிவு. ஆகவே சீட்டு வாங்குமுன் விமான நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று நாட்களுக்கு முன்: வருகை அட்டை

சிங்கப்பூருக்குள் நுழைகிற ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியும் இணையவழி வருகை அட்டையை நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் இதை நிரப்ப முடியும். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் இணையதளத்திலும் செயலியிலும் இதற்குக் கட்டணமே இல்லை. தேடுபொறியில் தேடினால் அதைப் போலவே தோற்றமளித்துப் பணம் கேட்கும் தளங்கள் வரும். பணம் கேட்டாலே அது ஆணையத்தின் தளம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த அட்டை விசா அல்ல. விசாவுக்குப் பதிலாகவும் ஆகாது. குடிநுழைவைக் கடக்காமல் உள்ளேயே விமானம் மாறுகிறவர்களுக்கு இது தேவையில்லை.

அட்டையில் தங்குமிட முகவரியைக் கேட்பார்கள். மகன் வீட்டுக்குப் போகிறோம் என்று எழுதினால் போதாது. அடுக்குமாடி எண், தெரு, ஆறிலக்க அஞ்சல் குறியீடு ஆகியவற்றை முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டி கட்டுதல்

நம் வீடுகளில் இந்தக் கட்டம்தான் நீண்டது; தவறுகள் நிறைய நடப்பதும் இங்கேதான்.

எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கு அனுப்புவதற்காக அம்மா பெட்டியைக் கூடத்தில் விரித்து வைத்து, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். சாம்பார்ப் பொடி, வற்றல், சுண்டைக்காய் என்று வந்த வரிசையில், வெள்ளை நூலால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிய சிறிய பொட்டலம் ஒன்றும் இருந்தது. பிரித்துப் பார்த்தால் கசகசா. குருமாவுக்கு அரைத்து விடுவதற்காக வைத்தது. நம் மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அந்தக் கசகசா, சிங்கப்பூரில் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள். அபினிச் செடியின் விதை என்பதால், அதில் மார்பின் போன்ற வேதிப்பொருளின் மிச்சம் இருக்கக்கூடும் என்பது காரணம். பயணப் பெட்டியில் அதை எடுத்துப்போகவே கூடாது. அன்று இரவு அம்மாவுக்கு அது கொஞ்சமும் சமாதானமாகவில்லை. ஆனாலும் பொட்டலம் மீண்டும் அஞ்சறைப் பெட்டிக்கே போனது. கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடியையும் தவிர்த்துவிடுங்கள்.

இதைப் போலவே கவனிக்க வேண்டியவை இன்னும் சில உண்டு. கோழி, ஆட்டிறைச்சி, அவற்றால் செய்த ஊறுகாய், உப்புக்கண்டம் ஆகியவற்றை இந்தியாவிலிருந்து கொண்டுபோக முடியாது. சிங்கப்பூர் அங்கீகரித்த நாடுகளிலிருந்து மட்டுமே பயணிகள் இறைச்சி கொண்டுவரலாம். மெல்லும் சூயிங்கம், இ-சிகரெட் இரண்டுக்கும் தடை. இ-சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம். சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் தெரிவித்து வரி செலுத்தியே ஆகவேண்டும். கொப்பரைத் தேங்காய் எளிதில் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால் ஒப்படைக்கும் பெட்டியில் அதை வைக்கக்கூடாது. 20,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் ரொக்கம் இருந்தால் அறிவிக்க வேண்டும்.

மருந்துகளை மூன்று மாதத் தேவைக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். அட்டையைப் பிரிக்காமல், மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவைப்படும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பது பெரிய தவறு. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் மருந்து தவறக்கூடாது.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கவே கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் அனுமதியே இல்லை. கடையில் விற்கும் 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணிதான், ஆகவே கவலை வேண்டாம். ஆனால் அந்த எண் அதன் முதுகில் தெளிவாகத் தெரிய வேண்டும். தேய்ந்து அழிந்திருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதற்கும் இப்போது பல நிறுவனங்கள் தடை விதித்திருக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் அப்படிச் செய்திருக்கிறது. ஆகவே வீட்டிலேயே கைப்பேசியை முழுமையாக மின்னேற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

கைப்பையில் திரவப் பொருள்கள் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும், திறந்து மூடக்கூடிய தெளிவான பையில் அடங்க வேண்டும். ஊறுகாய், தேன், நெய், தயிர், தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் திரவமாகவே கருதி ஒப்படைக்கும் பெட்டியில் இரட்டைப் பையிட்டு வைத்துவிடுங்கள். கைப்பையின் எடை பொதுவாக 7 கிலோ. சீட்டில் போட்டிருப்பதைப் பார்த்து வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது. கவுண்டர் முன்னால், பின்னால் நிற்பவர்கள் பார்த்திருக்க, தரையில் பெட்டியைத் திறந்து பொருள்களை மாற்றுவது யாருக்கும் மனம் நோகச் செய்யும் காட்சி.

புறப்படும் நாள்

பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருப்பது போதுமானது. பெட்டி ஒப்படைக்கும் கவுண்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுகின்றன; அதன்பின் எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை. இந்தியாவில் முனைய வாயிலிலேயே பாதுகாப்புப் படையினர் சீட்டையும் கடவுச்சீட்டையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வழியனுப்ப வந்தவரிடம் சாவி, பணம், மருந்து என்று ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் அந்த வாயிலுக்கு வெளியிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கில் பலர் குழம்புகிறார்கள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சீட்டில் அச்சிடும் நேரம் எப்போதும் அந்தந்த ஊரின் நேரம். சென்னையிலிருந்து பயணம் சுமார் நாலேகால் மணி நேரம் என்பதால், இரவு 11.30க்குப் புறப்பட்டால் அங்கே விடிந்து ஏறத்தாழ 6.15க்கு இறங்குவீர்கள். அழைத்துப் போக வருகிறவருக்கு இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாமல் விமான எண்ணையும் அனுப்பிவிட்டால், தாமதமானாலும் அவரே பார்த்துக்கொள்வார்.

சாங்கியில் இறங்கியதும்

முதல் மூன்று முனையங்களில் வந்திறங்கும் பயணிகளும் புறப்படும் பயணிகளும் ஒரே கூடத்தில்தான் நடமாடுகிறார்கள். ஆகவே விமானத்திலிருந்து வெளியே வந்ததும் கடைகளும் தோட்டங்களும் கண்முன் விரிந்து, எந்தப் பக்கம் போவது என்று ஒரு நிமிடம் புரியாது. கூட்டத்தைப் பின்தொடராதீர்கள், அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் விமானம் மாறுகிறவர்களாக இருக்கலாம். வருகை என்ற பெயர்ப்பலகையை மட்டும் பாருங்கள். கழிப்பறை, தண்ணீர், முகம் கழுவுதல் எல்லாவற்றையும் குடிநுழைவு வரிசைக்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

குடிநுழைவில் கடவுச்சீட்டு, தங்குமிட முகவரி, திரும்பும் சீட்டு மூன்றும் கையில் தயாராக இருக்கட்டும். எத்தனை நாள் தங்குகிறீர்கள், யார் வீட்டில் என்று கேட்டால் சுருக்கமாகவும் உள்ளபடியும் பதில் சொல்லுங்கள். தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆங்கிலம் வராத பெரியவர்கள் பதற்றப்பட வேண்டாம், தமிழ் தெரிந்த அலுவலரைக் கேட்கத் தயங்கவும் வேண்டாம்.

பெட்டியை எடுத்தபின் சுங்கம். அறிவிக்க வேண்டியது இருந்தால் சிவப்பு வழி, இல்லையென்றால் பச்சை வழி. ஐயம் இருந்தால் சிவப்பு வழியிலேயே போய்க் கேட்டுவிடுங்கள். தாமாகத் தெரிவிப்பவரை ஒரு விதமாகவும், பச்சை வழியில் பிடிபடுபவரை வேறு விதமாகவும் நடத்துவார்கள்.

நகருக்குள் போக எம்ஆர்டி ரயில்தான் மலிவு. நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையில் இருக்கிறது. லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவுக்குப் போகிறவர்கள் எக்ஸ்போ நிலையத்தில் இறங்கி டவுன்டவுன் பாதைக்கு மாறினால், வேறு மாற்றமின்றி நேராக லிட்டில் இந்தியாவிலேயே இறங்கலாம். தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளையே நுழைவாயிலில் காட்டிப் பயணம் செய்யலாம். நள்ளிரவுக்கு முன்பே கடைசி ரயில் போய்விடும். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை டாக்சிக் கட்டணத்தில் பாதியளவு கூடுதலாக வாங்குவார்கள்.

விமானம் மாறுகிறவர்களுக்கு

வாயில் எண்ணின் முதல் எழுத்தைப் பார்த்தாலே முனையம் தெரிந்துவிடும். ஏ, பி என்றால் மூன்றாம் முனையம். சி, டி முதல் முனையம். இ, எஃப் இரண்டாம் முனையம். ஜி நான்காம் முனையம். முதல் மூன்றையும் ஸ்கைட்ரெயின் என்ற ஆளில்லா ரயில் இணைக்கிறது, கட்டணம் இல்லை. பின்னிரவில் அது சில மணி நேரம் ஓடாது, அப்போது உள்வழியாகவே நடந்து போகலாம். நான்காம் முனையத்துக்கு மட்டும் பேருந்தில் போக வேண்டும், அதற்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நாற்பது மீட்டர் உயர உள்ளரங்க அருவி இருக்கும் ஜுவலைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசையோடு வருகிறவர்கள் பலர். அது குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. சிங்கப்பூருக்குள் நுழையும் அனுமதி இல்லாதவர்கள் அங்கே போக முடியாது. அப்படிப்பட்டவர்கள் மூன்றாம் முனையத்தின் உள்ளே இருக்கும் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்குப் போங்கள்; குழந்தைகளுடன் காத்திருப்பவர்களுக்கு அருவியைவிட அதுவே பெரிய ஆறுதல் என்பது என் எண்ணம்.

பெரியவர்கள் தனியாகப் பயணம் செய்தால்

சக்கர நாற்காலி உதவியை விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் கேட்டுப் பதிவு செய்யுங்கள். நடக்க முடிகிறவர்கள் இதைக் கேட்பதற்குக் கூச்சப்படுகிறார்கள். சாங்கியில் இறங்கும் இடத்திலிருந்து குடிநுழைவு வரை கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க நேரலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது தேவையான உதவி.

என் பெரியம்மா எழுபது வயதில் தனியாகப் போனபோது, ஒரு கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் விமான எண், மகனின் பெயர், முகவரி, தொலைபேசி எண், சாப்பிடும் மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றை எழுதி, துளையிட்டு நாடா கோத்து, கைப்பைக்குள் தொங்கவிட்டோம். கேள்வி கேட்ட இடத்திலெல்லாம் அந்த அட்டையை எடுத்து நீட்டியே அவர் மகன் வீடு போய்ச் சேர்ந்தார். அட்டையின் பின்புறத்தில் வரிசையையும் எழுதியிருந்தோம்: முதலில் வருகைப் பலகை, அடுத்துக் குடிநுழைவு, பிறகு பெட்டி, பிறகு சுங்கம், கடைசியில் கண்ணாடிக் கதவு.

திரும்பும்போது

ஒரு கடையில் பொருள் மற்றும் சேவை வரியையும் சேர்த்து 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கியிருந்தால், சுற்றுலாப் பயணிகள் அந்த வரியைத் திரும்பப் பெறலாம். 2024 முதல் வரி விகிதம் 9 சதவீதம். வாங்கும்போதே கடையில் கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும்; இரண்டு மாதங்களுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வாங்கிய பொருளைப் பெட்டியில் போட்டு ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால், ஒப்படைப்பதற்கு முன்பே புறப்பாட்டுக் கூடத்தில் உள்ள இயந்திரத்தில் விண்ணப்பிக்க வேண்டும், ஏனெனில் அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். கையில் எடுத்துச் செல்லும் பொருளுக்குக் குடிநுழைவைக் கடந்தபின் விண்ணப்பிக்கலாம். பெட்டி போனபின் நினைவு வந்தால் அந்தப் பணம் போனதுதான்.

குடிநுழைவில் தானியங்கி வாயில்கள் இருக்கின்றன. நாட்டைவிட்டுக் கிளம்பும் வெளிநாட்டுப் பயணிகளும் முகத்தையும் கண்ணையும் காட்டியே கடந்துவிட முடியும் என்பதால் இங்கே நேரம் ஆகாது. அதற்காகக் கடவுச்சீட்டைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், விமானத்தில் ஏறும்போதும் நம் ஊரில் இறங்கும்போதும் அது வேண்டும்.

குடிநுழைவைக் கடந்துவிட்டோம், இனி விமானம் ஏறுவதுதான் பாக்கி என்று கடைகளில் நின்றுவிடுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை வாயில் அறையின் முகப்பிலேயே நடக்கிறது. நான்காம் முனையத்தில் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் முன்பே முடிந்துவிடும். ஆகவே, முதல் மூன்று முனையங்களில் வாயில் திறந்ததும் இருநூறு பேர் ஒரே வரிசையில் நிற்பார்கள். பல வாயில் அறைகளுக்குள் கழிப்பறை கிடையாது. உள்ளே போய்விட்டு வெளியே வந்தால் சோதனையை மீண்டும் முதலிலிருந்து கடக்க வேண்டும். கழிப்பறைக்குப் போய்விட்டு, புட்டியில் இருக்கும் தண்ணீரைக் குடித்து முடித்து, பவர் பேங்கையும் மடிக்கணினியையும் கைப்பையின் மேலாக எடுத்து வைத்துக்கொண்டு, போர்டிங் பாஸில் உள்ள வாயில் எண்ணை அறிவிப்புப் பலகையில் மீண்டும் ஒருமுறை சரிபார்த்த பிறகு அந்த வரிசையில் போய் நில்லுங்கள்.